'ஆங்கிரி' என்ற ஒரு சொல் போதுமா?

கோபத்தை ஆங்கிலத்தில் சொல்வது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்டனில் வேலைக்குச் செல்ல, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். பேச்சுத் தேர்வில், கோபமாக இருக்கும் நோயாளியிடம் பேசச் சொன்னால் எனக்கு 'ஆங்கிரி' என்ற ஒரே சொல்தான் வருகிறது. கோபத்தின் அளவுக்கேற்ற சொற்களை வரிசைப்படுத்தித் தருவீர்களா, அம்மா?
– செவிலியர், நாகர்கோவில்

தருகிறேன். ஆனால், வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வறைக்குள் போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கீழ்ப்படியில் இருப்பது 'அனாய்டு'. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால் வருகிற கோபம் இது. 'இரிட்டேட்டட்' ஏறக்குறைய இதே அளவுதான். சின்னத் தொல்லை ஓயாமல் தொடரும்போது பொருந்தும். நடுவில் 'ஆங்கிரி'. அதற்கு மேல் 'ஃபியூரியஸ்'. தவறான மருந்து கொடுக்கப்பட்டது என்று தெரிந்தால் மகனுக்கு வருகிற கோபம். இன்னும் மேலே 'லிவிட்'. அடிபட்ட இடம் கன்றிக் கருநீலமாகுமே, அந்த நிறத்தைக் குறித்த சொல் இது. பிறகுதான் கடுங்கோபத்துக்கு வந்தது.

இந்தப் படிகளில் எங்கே வைப்பது என்று தெரியாத சொற்களும் உண்டு. அவை கோபத்தின் அளவைவிடக் காரணத்தையே அதிகம் பேசுகின்றன. பலமுறை மணி அடித்தும் யாரும் வராமல் பொறுமை தீர்ந்துபோனவர் 'எக்ஸாஸ்பரேட்டட்'. தனக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைத்ததைப் பார்த்து, இது என்ன நியாயம் என்று பொங்குகிறவர் 'இன்டிக்னன்ட்'. அப்பாவைப் பார்க்க அண்ணன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, எல்லாம் என் தலையில் என்று ஆண்டுக்கணக்காக உள்ளுக்குள் புழுங்குகிற மகள் 'ரிசென்ட்ஃபுல்'. இந்த மகள் குரலை உயர்த்தாமலே இருக்கலாம். ஆனாலும் கோபம் கோபம்தான். வெகுளி, அதாவது கோபம், எதனால் பிறக்கிறது என்று கேட்டு, உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடிக்குக் கேடு சூழ்தல்), அலை (வைதலும் அடித்தலும்), கொலை என நான்கு காரணங்களை அடுக்கியது தொல்காப்பியம். நீங்களும் எவ்வளவு கோபம் என்று பார்ப்பதற்கு முன் எதனால் கோபம் என்று பாருங்கள். சரியான சொல் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இனி தேர்வுக்கு வருவோம். பேச்சுத் தேர்வில் இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். நோயாளியைப் பார்த்து 'யூ ஆர் ஆங்கிரி' என்று சொல்லவே சொல்லாதீர்கள். குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். 'ஐ கேன் ஸீ தட் யூ ஆர் அப்செட்' என்று சொல்லுங்கள். கோபம், வருத்தம், பதற்றம் மூன்றையும் 'அப்செட்' அணைத்துக்கொள்ளும்; கேட்பவரின் மானத்துக்கும் பங்கம் வராது. அதைவிடவும் நல்லது, சொல்லை ஆளின் மேல் வைக்காமல் நிலைமையின் மேல் வைப்பது: 'தட் மஸ்ட் பீ வெரி ஃபிரஸ்டிரேட்டிங் ஃபார் யூ.' இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறார் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தை முதலில் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 'காம் டவுன்' வேண்டவே வேண்டாம். ஆத்திரத்தில் இருப்பவரிடம் 'அமைதியாக இருங்கள்' என்றால் எந்த மொழியிலும் ஆத்திரம் கூடத்தான் செய்யும். 'டோன்ட் பீ டென்ஷன்' என்பதையும் விட்டுவிடுங்கள். நாம் கோபத்துக்கும் பதற்றத்துக்கும் டென்ஷன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே கோபக்காரரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு உதவக்கூடிய ஒன்று: நோயாளிக் குறிப்பேட்டில் கோபத்துக்கு 'அஜிடேட்டட்' என்று எழுதிவிடாதீர்கள். அது அமைதியின்றித் தவிக்கும் நிலையைக் குறிக்கும். வலி, காய்ச்சல், மனக்குழப்பம் எதனாலும் வரலாம். படிக்கிற மருத்துவர் வேறு திசையில் யோசிப்பார். அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுதுங்கள். 'ரெய்ஸ்டு ஹிஸ் வாய்ஸ்' என்றால் குரலை உயர்த்தினார், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வராது.

'மை மேனேஜர் இஸ் ஆங்கிரி ஆன் மீ' என்று எழுதியதை உடன் பணிபுரிபவர் திருத்தினார். என்ன பிழை?
– கணக்காளர், சிவகாசி

'என் மேல் கோபம்' என்கிறோம் அல்லவா, அந்த 'மேல்'தான் 'ஆன்' ஆக வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஆளிடம் கோபம் என்றால் 'ஆங்கிரி வித் மீ'. 'ஆங்கிரி அட் மீ' என்பதும் வழக்கில் உண்டு. ஒரு விஷயத்தைக் குறித்துக் கோபம் என்றால் 'ஆங்கிரி அபவுட் தி டிலே'. 'அனாய்டு', 'ஃபியூரியஸ்' இரண்டுக்கும் ஆளிடம் என்றால் 'வித்' போட்டுவிடுங்கள், தவறாது.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், 'மேனேஜர் ஃபயர்டு மீ' என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பதறிப்போய் ஆறுதல் சொன்னதில் வியப்பில்லை. திட்டினார் என்ற பொருளில் நாம் அதைச் சொல்கிறோம். அவர் காதில் விழுந்தது உங்கள் வேலை போய்விட்டது என்ற செய்தி. 'ஷவுட்டட் அட் மீ' என்று சொல்லியிருக்கலாம். கண்டித்தார் என்றால் 'டோல்டு மீ ஆஃப்'.

'வெரி ஃபியூரியஸ்' என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இது சரியா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

சரிதான். 'வெரி ஆங்கிரி' எழுதலாம். 'ஃபியூரியஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்த 'வெரி' இருக்கிறது. இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்சல்யூட்லி ஃபியூரியஸ்'. 'லிவிட்' என்ற சொல்லுக்கும் இதே கணக்கு.

எங்கள் பனியன் நிறுவனத்தின் சரக்கைப் பெற்ற லண்டன் நிறுவனம், 'வீ ஆர் ராதர் டிஸப்பாயின்டட்' என்று எழுதியிருக்கிறது. லேசான வருத்தம்தான் என்கிறார் என் பங்குதாரர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். பிரிட்டிஷ் வணிகக் கடிதங்களில் கோபம் ஏற ஏறச் சொல் இறங்கும். 'நாட் வெரி ஹேப்பி' என்று ஒருவர் எழுதினால், நேரில் அவர் முகம் சிவந்திருக்கக்கூடும். 'ராதர்' என்பதை 'கொஞ்சம்' என்று படித்துவிடாதீர்கள். மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் 'அன்அக்செப்டபிள்' என்ற சொல் வந்தால், ஆர்டர் கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதுவரை காத்திருக்காதீர்கள்.

பதிலில் 'சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்த வேண்டாம். எந்தப் பெட்டியில் என்ன தவறு நேர்ந்தது, மாற்றுச் சரக்கு எந்தத் தேதியில் கப்பலேறும் என்று எழுதுங்கள். உங்களுக்கே யாரிடமாவது கோபம் வந்து கடிதம் எழுத நேர்ந்தாலும் இதே முறைதான். 'ஐ ஆம் வெரி ஆங்கிரி' என்று எழுதினால் கோபக்காரர் என்ற பெயர்தான் மிஞ்சும். 'எ தேர்டு டிலே இஸ் நாட் அக்செப்டபிள்' என்று எழுதினால் மூன்றாம் முறை தாமதம் செய்தவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பேத்தி, 'பாட்டி, ஆர் யூ மேட் அட் மீ?' என்று கேட்டுவிட்டாள். பைத்தியமா என்று கேட்டது போல மனம் வலிக்கிறது.
– வாசகி, சேலம்

வருந்தாதீர்கள், அம்மா. அமெரிக்காவில் 'மேட்' என்றால் அன்றாடப் பேச்சில் கோபம்தான். பிரிட்டனில்தான் அந்தச் சொல்லுக்குப் பைத்தியம் என்ற பொருள் முன்னால் நிற்கும். அங்கே வளர்கிற குழந்தையாக இருந்தால் 'ஆர் யூ கிராஸ் வித் மீ?' என்று கேட்டிருக்கும். தன்மேல் கோபமா என்று தெரியாமல் தவித்துத்தான் உங்கள் பேத்தி கேட்டிருக்கிறாள். இன்றே கூப்பிட்டு, 'நோ கண்ணு, ஐ ஆம் நாட் மேட் அட் யூ' என்று சொல்லிவிடுங்கள்.