சிலந்தியும் வடைச்சட்டியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்த் திடலில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. கடைசி நாள் பிரசங்கியார், "இன்றிரவு நீ படுத்து, காலையில் எழும்பாவிட்டால் எங்கே இருப்பாய்?" என்று கேட்டார். என் பன்னிரண்டு வயது மகள் இரண்டு வாரமாகத் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். நாங்கள் சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்கள்தான். அந்தச் சத்தமும் மேடை இசையும்தான் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டதா?

எம்.

அன்புள்ள எம்.,

சத்தத்தின் மேல் பழி போட எனக்கும் ஆசைதான். ஒலிபெருக்கியோடு எனக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆனால் நரக பயம் காட்டும் பிரசங்கங்களில் உலகப் பிரசித்தி பெற்றது கத்தாமல் செய்யப்பட்டது.

1741 ஜூலை 8. இன்றைய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் என்ஃபீல்ட் என்ற சிற்றூர். பேசியவர் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர். குரலை உயர்த்துவதோ கையை வீசுவதோ அவர் வழக்கமில்லை. ஆனாலும் பிரசங்கம் முடிவதற்குள் ஜனங்கள் "ஐயோ, நரகத்துக்குப் போகிறேனே" என்று அலறியதில் அவர் பேச்சை நிறுத்த வேண்டிவந்தது. அங்கே இருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்ற போதகர் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அப்படி என்னதான் சொன்னார்? நெருப்புக்கு மேலே ஒருவன் சிலந்தியைப் பிடித்திருப்பதுபோலக் கடவுள் உன்னைப் பிடித்திருக்கிறார் என்றார். கணப்பு எரியாத வீடு அந்த ஊரில் ஏது? சிலந்தியைத் தட்டி அதில் போடாதவர்தான் யார்? எட்வர்ட்ஸும் இளவயதில் சிலந்திகள் நூல் விட்டுக் காற்றில் மிதப்பதைக் கவனித்துக் கட்டுரையே எழுதியவர். நரகத்தை யாரும் பார்த்ததில்லை. சிலந்தி சுருள்வதைப் பார்த்திருப்பார்கள். அப்புறம், அவர் "பாவிகள்" என்று பொதுவாகப் பேசி நிறுத்தவில்லை, "நீ" என்றார். நேற்றிரவு தூங்கி இன்று நீ கண் விழித்ததே அந்தக் கை உன்னை விடாததால்தான் என்றார். உங்கள் ஊர்ப் பிரசங்கியாரின் கேள்விக்கு வயது ஏறக்குறைய 280.

இதை ஒரு மதத்தின் கணக்கில் எழுத வேண்டாம். என் தாத்தா இறந்தபோது வீட்டில் கருட புராணம் வாசித்தார்கள். வாசித்தவருடையது ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரல். நான் பாதி தூக்கத்தில் இருந்தேன். கும்பீபாகம் என்ற நரகம் வந்தது, கொதிக்கும் எண்ணெய் வந்தது, தூக்கம் போய்விட்டது. ஒன்பது வயதில் எமலோகக் கொப்பரையை நான் எங்கே கண்டேன்? தெருமுனை டீக்கடையின் வடைச்சட்டி தெரியும். ஒரு மாதம் அந்தக் கடையைத் தாண்டப் பயந்து, சுற்றுவழியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

பயத்தை மட்டும் காட்டினால் ஜனம் எழுந்து போய்விடும். தப்பிக்க வழியும் காட்ட வேண்டும். எட்வர்ட்ஸ் முடிக்கும்போது, கிறிஸ்து இரக்கத்தின் வாசலை அகலத் திறந்து நின்று அழைக்கிறார், இன்றே வா என்கிறார். கருட புராணத்தில் ரத்தமும் சீழும் ஓடும் வைதரணி ஆறு, அதைக் கடக்கப் பசுதானம். இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்வர்ட்ஸ் முழுசாக நம்பித்தான் பேசினார். ஆனால் பெரியவர்களுக்குத் தெரியும் வாசல் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. அவர்கள் சட்டியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மகளிடம் நரகம் உண்டா இல்லையா என்று விவாதிக்காதீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது அவள் மனதில் எது வந்தது என்று மட்டும் கேளுங்கள். என்னை அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வடைச்சட்டி என்று சொல்லியிருப்பேன்.