மீட்டர் 30 காட்டுகிறது, குடிக்கலாமா?
மழைநீர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், கடலூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

மாடியில் விழும் மழையைச் சம்ப்பில் பிடித்துக் குடிக்கிறோம். டிடிஎஸ் மீட்டரில் 30 காட்டுகிறது. “கேன் தண்ணியே இதைவிட அதிகமா காட்டுது, இதுதான் சுத்தம்” என்கிறார் என் கணவர். சரியா?
– வாசகி, செம்மண்டலம்

மீட்டர் பொய் சொல்லவில்லை அம்மா. ஆனால் அது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் அளக்கும். போர் தண்ணீருக்கு அது உதவும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மழைநீரில் உப்பு பொதுவாகவே கம்மி. காக்கா எச்சம் கலந்த மழைத்தண்ணீரும் அதே 30 காட்டும்.

நம்மூர் மொட்டைமாடியில் என்னவெல்லாம் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வற்றல், கருவாடு காயப் போட்ட இடம், பூனை உலாத்தும் இடம், பக்கத்து வீட்டு முருங்கை உதிர்க்கும் சருகு. அத்தனையும் முதல் மழையில் கழுவிக்கொண்டு கீழே வரும்.

தண்ணீரில் கழிவுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ஹைட்ரஜன் சல்பைடு சோதனை பாட்டில் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே சோதனை மருந்து இருக்கும். அதைக் கையால் தொடாமல், கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்துப் போனால் கழிவுக் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கறுக்கவில்லை என்பதற்காகக் கொதிக்க வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, முதல் மழையை வெளியே தள்ளும் பைப். பல வீடுகளில் நாலு இஞ்ச் பைப்பை ஒரு மீட்டருக்கு நிறுத்தி, அடியில் மூடி போட்டு, “ஃபில்டர் ஆச்சு சார்” என்று காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அதில் பிடிப்பதே 8 லிட்டர்தான். 1000 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கே 90 லிட்டருக்கு மேல் இறங்கும். அந்த முதல் ஒரு மில்லிமீட்டரையாவது ஒதுக்க 100 லிட்டர் டிரம் வேண்டும். டிரம்மின் அடியில் ஒரு குழாய் வைத்து, மழை விட்டதும் திறந்துவிடுங்கள். திறக்க மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே சம்ப்புக்குத்தான்.

சம்ப்புக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் விட்டுப் புழங்கலாம். பல மாதமாகத் திறந்து கிடக்கும் பவுடர் வெறும் சுண்ணாம்புதான், அதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

2003இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் போட்டபோது, மழைநீரை மண்ணுக்குள் இறக்கக் கட்டிய தொட்டி. இப்போது கொஞ்சம் மழைக்கே நிரம்பி வாசலில் வழிகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவா?
– வாசகர், கூத்தப்பாக்கம்

அவசரப்படாதீர்கள் சார். முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து, மாடியில் ஒவ்வொரு பைப் வாயிலும் ஊற்றுங்கள். கீழே ஒருவர் தொட்டிப் பக்கமும் ஒருவர் தெருச் சாக்கடைப் பக்கமும் நிற்கட்டும். பாதி பைப் தொட்டிக்கே வராத வீடுகள் இருக்கின்றன. அந்த வருஷம் கணக்குக் காட்டக் கட்டியவைதானே நிறைய!

உங்களுடையதில் தண்ணீர் வருகிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது. மேல் மணலைக் கையால் கிளறினால் களிம்பு மாதிரி வழவழவென்று ஒரு படலம் வரும். அதுதான் அடைப்பு. மேலே அரை அடி மணலை எடுத்துவிட்டு அலசிய ஆற்று மணலைப் போடுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு மட்டம் இறங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியும் நின்றால்தான் ஜல்லியை எடுத்து அலசும் வேலை. புரட்டாசிக்குள் ஆளைப் பிடித்துவிடுங்கள், ஐப்பசியில் கொத்தனார் கிடைக்க மாட்டார்.

வருஷத்தின் முதல் மழைத்தண்ணீர் கரிக்கிறதே, ஏன்?
– வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

கடற்காற்று கொண்டுவந்து மாடியில் படியவைத்த உப்பு. நன்றாக ஒரு மழை பெய்து கழுவியபின் பிடியுங்கள். உப்பு குறைந்துவிட்டதா என்று பார்க்க, இந்த இடத்தில் டிடிஎஸ் மீட்டர் உதவும்.

மூடி போட்ட தொட்டியிலும் கொசுப்புழு வருகிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

மூடியை விடுங்கள், வழிந்தோடும் பைப்பின் வாயைப் பாருங்கள். அதற்கு யாரும் வலை கட்டுவதில்லை. டெங்கு கொசு நுழைய அந்த ஓட்டை தாராளம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, கம்பியால் முறுக்கிவிடுங்கள். வெறும் நூல் வெயிலில் இற்றுப்போகும்.