முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்ததும் எம்.சி. தேடி ஓடாதீர்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. விட்டு விட்டு 11 நாள் பள்ளிக்கு வரவில்லை என்று முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. பெரும்பாலும் திங்கட்கிழமைதான், வயிறு வலிக்கிறது என்பான். கணவருக்கு இரவு வேலை. நான் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். தெரிந்தவர் ஒருவர், நாளுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் பழைய தேதிக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பையனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்களா? எங்கள் மேல் கேஸ் வருமா?

பதில்: இந்தக் கடிதத்தால் இரண்டும் வராது. ஆனால் எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிட்டது. காரணம் சொல்லாமல் தொடர்ந்து 3 நாள், அல்லது விட்டு விட்டு 10 நாள் போகாவிட்டால் முதல் கடிதம். விட்டு விட்டுப் போகாதவை 20 நாளானால் இரண்டாவது, 40 ஆனால் மூன்றாவது. 60 ஆகும்போதுதான் பெயரை நீக்கும் பேச்சு வரும். நீங்கள் 11-இல் நிற்கிறீர்கள். இதே வேகத்தில் வாரம் ஒரு திங்கள் போனால், இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் ஒன்பது வாரம்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. மலேசியாவின் 1996 கல்விச் சட்டப்படி 2003-லிருந்து ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காதவர்கள், பாதியில் நிறுத்திவிட்டவர்கள் பயப்பட வேண்டிய பிரிவு இது. திங்கட்கிழமை வயிற்றுவலிக்காரனின் அம்மா இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தத் 'தெரிந்தவர்'. 11 நாளுக்கு 330 வெள்ளி. அதற்கு நீங்கள் வாங்குவது ஒரு போலி ஆவணம். போலி என்று தெரிந்தே ஓர் ஆவணத்தை உண்மையானதுபோல் கொடுப்பது தண்டனைச் சட்டம் 471-ஆம் பிரிவின்படி குற்றம். சீட்டில் கிளினிக்கின் முத்திரையும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பள்ளி அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு போதும், குட்டு வெளிப்பட. வெறும் வருகைப் பிரச்சினையாக இருந்தது அன்றிலிருந்து போலீஸ் பிரச்சினை. எடுத்துக் கொடுத்தவர் அப்போது போனை எடுக்கமாட்டார். 'பள்ளியில் எனக்கு ஆள் தெரியும், கடிதத்தை எடுத்துவிடுகிறேன்' என்பவரும் இதே ரகம்தான். வருகை கணினியில் பதிவாகிறது. கடிதத்தைக் கிழித்தாலும் பதிவு கிழியாது.

உண்மையாகவே நோய் இருக்கும் பிள்ளையின் விஷயம் வேறு. இதில்தான் பல பெற்றோர் தேவையில்லாமல் நாள்களை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்துமா, வலிப்பு, தலசீமியா என்று மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைக்கு எம்.சி. கிடைக்காமல் அங்கே இருந்த நேரத்தை மட்டும் காட்டும் டைம் ஸ்லிப் கிடைக்கலாம். காலை 8 முதல் 11 வரை என்று அதில் இருந்தால், அந்த நேரத்துக்குத்தான் அது கணக்கு. பதினொன்றரைக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டால் வந்த நாள். வீட்டுக்கு அழைத்துப்போனால் மிச்ச நேரத்துக்குக் காரணம் கேட்பார்கள். மருத்துவர் ஓய்வு வேண்டும் என்று நினைத்தால், அங்கேயே, அன்றே எம்.சி. கேட்டு வாங்குங்கள், மறுநாள் போய்க் கேட்டால் கிடைக்காது. அப்பாயின்மென்ட் அட்டையைப் படமெடுத்து வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். அசலை நீங்கள் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். பள்ளியில் தாள் தொலைவது புதிதல்ல.

உங்கள் மகனின் 11 நாளில் கிளினிக்குக்குப் போன நாள் ஏதாவது இருந்தால், அந்தச் சீட்டைத் தேடி எடுத்து இந்த வாரமே கொடுங்கள். மீதி நாள்களுக்கு உண்மையை நாலு வரியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மலாய் வராவிட்டால் தமிழில் எழுதலாம், அது தமிழ்ப்பள்ளி.

அடுத்தது வயிறு. மூன்று வாரம் ஒரு தாளில் குறியுங்கள்: எந்த நாள் வலித்தது, எத்தனை மணிக்கு நின்றது, அன்றைய அட்டவணையில் என்ன பாடம். சனி, ஞாயிறு வலிக்காமல், பள்ளி வேன் போனதும் வலியும் போனால் காரணம் பெரும்பாலும் பள்ளியில் இருக்கிறது. முடிக்காத வீட்டுப்பாடம், கேலி செய்யும் பையன், போகவே பிடிக்காத கழிப்பறை என்று எதுவாகவும் இருக்கலாம். கழிப்பறைக் காரணத்தைப் பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும். வலி இரவில் எழுப்பினால், வாந்தி, காய்ச்சல், எடை குறைவு இருந்தால் தாளை மடித்துவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். 1 வெள்ளிதான்.

ஞாயிறு இரவையும் பாருங்கள். இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஐந்தரைக்கு எழ வேண்டுமானால் எட்டரைக்குப் படுக்க வேண்டும். கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும். வீட்டில் தங்கும் நாளில் டிவியும் விளையாட்டும் கிடைத்தால் வயிற்றுவலி திங்களோடு நிற்காது.

நீங்கள் ஆறு மணிக்குப் போய்விடுகிறீர்கள், கணவர் தூங்குகிறார். அப்படியானால் வேன் தவறியதும் அந்த நாளே போய்விடுகிறது. தாமதத்துக்குத் திட்டு விழும் என்று பயந்து முழு நாளையும் விடாதீர்கள். ஒன்பது மணிக்குப் போனாலும் வந்த நாள்தான். ஆனால் அலுவலகத்தில் தாமதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, வகுப்பாசிரியரிடமும் சொல்லச் சொல்லுங்கள். காலையில் 'வரவில்லை' என்று போட்டதைத் திருத்த அவர் மறக்கக்கூடும். பக்கத்து வீட்டில் அதே பள்ளிப் பிள்ளை இருந்தால் வேன் வரும் வரை இருவரும் சேர்ந்து நிற்கட்டும்.

பள்ளியையும் சும்மா விட முடியாது. பத்தாவது நாள் வரை ஒரு போன் இல்லை, பிறகு மலாய்மொழியில் சட்டப் பிரிவு எண்ணோடு கடிதம். இரண்டாவது திங்களே காலை ஒன்பது மணிக்குள் ஓர் அழைப்பு போயிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. படிவம் நிரப்ப நேரம் இருக்கிறது, போன் செய்யத்தான் நேரமில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள். மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரைச் சந்திக்க நேரம் வாங்குங்கள். வலியைக் குறித்த அந்தத் தாளோடு போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: வராத அன்றே உங்களுக்கு வாட்ஸ்அப் செய்தி, திங்கள் காலை அவனை வாசலில் பார்க்க ஓர் ஆசிரியர், வீட்டு வருமானம் குறைவென்றால் பள்ளியில் இலவச உணவு தரும் ஆர்.எம்.டி. திட்டத்துக்கு விண்ணப்பம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்கும் ஓர் ஏஜெண்ட் வந்தால் கதவைச் சாத்துங்கள்.