ஜர்னல் டர்போவா, பால் பேரிங் டர்போவா?

கேள்வி: 2 லிட்டர் பெட்ரோல் கார், தினமும் ஓட்டுகிற வண்டி. பழைய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போய்விட்டது. அதே அளவில் ஜர்னல் பேரிங், பால் பேரிங் இரண்டும் கிடைக்கின்றன. கடையில் இரண்டையும் விரலால் சுண்டிக் காட்டினார்கள். பால் பேரிங் சுற்றிக்கொண்டே இருந்தது, மற்றது சட்டென்று நின்றுவிட்டது. பால் பேரிங்கையே வாங்கிவிடலாமா?

பதில்: சுண்டிக் காட்டுவது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

ஜர்னல் டர்போவில், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்டைத் தாங்குவது இரண்டு வெண்கலப் புஷ்கள். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு ஆயில் படலம், புஷ்ஷுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இன்னொன்று. ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும்போது புஷ்ஷும் அதைவிட மெதுவாகத் தானும் சுற்றும். ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது த்ரஸ்ட் பேரிங் என்ற தனித் தகடு. சுழற்சியைத் தடுக்கும் உராய்வில் கணிசமான பங்கு இந்தத் தகட்டுக்கு. பால் பேரிங் டர்போவில் இந்தத் தகடே கிடையாது. சாய்வுத் தடத்தில் ஓடும் குண்டுகள் பக்கச் சுமை, முன்பின் சுமை இரண்டையும் தாங்குகின்றன. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் டர்போ குறைந்த வேகத்தில் சுற்றும்போதும் வித்தியாசம் அதிகம். கடையில் விரல் நுனியில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஆனால் உள்ளே இருக்கும் சக்கரங்கள் இரண்டிலும் ஒன்றுதான் என்றால், முழு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வந்த பிறகு காற்றின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். பால் பேரிங்கில் பூஸ்ட் சில நூறு ஆர்பிஎம் முன்னால் வரும். அதைவிட முக்கியமாக, கியர் மாற்றக் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையிலும் ரேஸ் டிராக்கிலும் இந்த இரண்டாவது குணம் நன்றாகத் தெரியும். அலுவலகம் போய் வருகிற வண்டியில் ஒரு வாரத்தில் பழகிப்போகும். நிஸ்ஸான் சில்வியா எஸ்15 போன்ற சில கார்கள் தொழிற்சாலையிலிருந்தே பால் பேரிங் டர்போவோடு வந்தன. அது வேகத்துக்காகவே வாங்கப்பட்ட வண்டி.

உங்களுக்கு நான் சொல்வது: தண்ணீரால் குளிரும் வசதி உள்ள ஜர்னல் டர்போ, அளவில் சரியானது. லேக், அதாவது மிதித்த பிறகு பூஸ்ட் வரும் தாமதம், தொந்தரவு செய்தால் பேரிங்கை மாற்றுவதற்கு முன் டர்பைன் ஹவுசிங்கை (எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரத்தின் கூடு) ஒரு படி சின்னதாகப் போட்டுப் பாருங்கள். அளவு தப்பிய டர்போவை எந்த பேரிங்காலும் காப்பாற்ற முடியாது. மிச்சமாகும் பணத்தில் ஆயில் ஹோஸ், தண்ணீர் ஹோஸ், கேஸ்கட் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பழைய டர்போ ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் இதுவும் அதே வழியில்தான் போகும்.

கேள்வி: ஜர்னல் டர்போவைக் கழற்றிவிட்டு பால் பேரிங் போடுகிறேன். பழைய ஆயில் ஹோஸ்களையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஹோஸை அப்படியே வைக்காதீர்கள். ஜர்னலுக்கு ஆயில்தான் படுக்கை, ஆயில்தான் குளிர்ச்சி, அதனால் தாராளமாக வேண்டும். பால் பேரிங்குக்குத் தேவை மிகக் கொஞ்சம். அதிகம் கொடுத்தால் வெளியேற வழியில்லாமல் சீல் வழியாகத் தள்ளும். பொதுவாக டர்போ வாயிலில் ஆயில் அழுத்தம் 40 முதல் 45 பிஎஸ்ஐக்குள், அதாவது சுமார் 3 பார், இருந்தால் போதும். அதற்காக வாயிலில் சுமார் 0.9 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைப்பார்கள். சில டர்போக்களில் அது வாயில் ஃபிட்டிங்குக்குள்ளேயே இருக்கும். டார்ச் அடித்துத் துளையைப் பாருங்கள். இருப்பது தெரியாமல் இன்னொன்றைச் சேர்த்தால் பேரிங் பட்டினி கிடக்கும்.

0.9 மி.மீ. என்பது ஒரு தடித்த ஊசியின் கனம். அதை அடைக்க ஒரு துணுக்கு சிலிகான் போதும். ஆயில் ஃபிளாஞ்சில் சிலிகான் பசை தடவுவதை இன்றும் பல பட்டறைகளில் பார்க்கலாம். இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கும் பசை கொஞ்ச நாளில் பிய்ந்து போய் இந்தத் துளையில்தான் உட்காரும். கேஸ்கட் மட்டும் போடுங்கள். பேன்ஜோ போல்ட் (ஆயில் உள்ளே ஓடும்படி துளையிட்ட போல்ட்) என்றால் ஒன்றுக்கு இரண்டு புதிய செப்பு வாஷர். ஹோஸை மாட்டும் முன் காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

திரும்பும் ஹோஸ் பற்றிப் பேசுவோர் குறைவு, பிரச்சினையோ பல நேரம் அங்கேதான். டர்போவிலிருந்து ஆயில் நுரையாக, அழுத்தமே இல்லாமல், தன் எடையால் மட்டும் இறங்குகிறது. உள்விட்டம் 12.7 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கும் மேலேறும் வளைவு, நசுங்கல், தொங்கல் கூடாது. சம்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். பேரிங் இருக்கும் நடுக்கூடான சென்டர் ஹவுசிங்கின் ஆயில் வெளிவாய் செங்குத்திலிருந்து இருபக்கமும் 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.

தண்ணீர் இணைப்புகளை அடைத்துவிட்டு ஆயிலை மட்டும் நம்பி ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இன்ஜின் ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்திய பிறகு டர்பைன் ஹவுசிங்கின் சூடு ஷாஃப்ட் வழியாக நடுப்பகுதிக்கு ஏறும். அங்கே நின்றுவிட்ட ஆயில் கரியாகும். தண்ணீர் தாழ்ந்த பக்கத்தில் நுழைந்து எதிர்ப்பக்கம் உயரத்தில் வெளியேறும்படி வைத்தால், பம்ப் நின்ற பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலேறிக் குளிர்ந்ததை இழுத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஜர்னல் டர்போ. ஐடிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மிதித்தால் நீலப் புகை. ரெஸ்ட்ரிக்டர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். புகை நிற்கலாம், த்ரஸ்ட் பேரிங்கும் கூடவே நின்றுவிடும்.

முதலில் புகை டர்போவிலிருந்துதானா என்று பாருங்கள். டர்போவைக் கழற்றி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் விரல் விட்டுத் தடவுங்கள். அங்கேயே ஆயில் ஈரம் இருந்தால் குற்றவாளி இன்ஜின்: வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங். மேனிஃபோல்டு காய்ந்து, டர்பைனுக்குப் பின்னால் மட்டும் ஈரம் என்றால்தான் டர்போ.

டர்போவின் சீல் என்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சின்ன வளையம். ஆயில் கீழே சுலபமாக இறங்கும் வரைதான் அது தாங்கும். சென்டர் ஹவுசிங்கில் ஆயில் தேங்கினால் புத்தம் புது டர்போவும் கசியும். ஆகவே திரும்பும் ஹோஸைக் கழற்றி உள்ளே கரி, மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாக ஊதினால் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிக்கூடு) அழுத்தம். அந்தக் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த அழுத்தம் டர்போ ஆயிலை இறங்கவிடாமல் தடுக்கும். காற்று ஃபில்டர் அடைத்திருந்தால் கம்ப்ரெசர் பக்கத்தில் உறிஞ்சல் கூடி அங்கேயும் ஆயில் வரும். இத்தனையும் சரியாக இருந்து, அழுத்த கேஜில் அளவு மீறியதும் தெரிந்தால் மட்டுமே ரெஸ்ட்ரிக்டர் பேச்சு. அப்போதும் பால் பேரிங்கின் சின்னத் துளை ஜர்னலுக்குக் கூடாது.

கேள்வி: பழைய டர்போ வாங்கும்போது ஷாஃப்ட் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: இரண்டு ஆட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் காய்ந்த ஜர்னல் டர்போ கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆயில் நிரம்ப வேண்டிய இடம் அது. ஆட்டிக்கொண்டே சுற்றும்போது சக்கரம் ஹவுசிங்கில் உரசினால் வேண்டாம். பால் பேரிங்கிலும் சிறு ஆட்டம் உண்டு, அதிர்வை அடக்க கார்ட்ரிட்ஜை (குண்டுகள் அடங்கிய பேரிங் தொகுப்பு) சுற்றியும் ஆயில் படலம் இருப்பதால். முன்பின் ஆட்டம் வேறு விஷயம். விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தாலே சந்தேகம்தான். டயல் கேஜ் வைத்து அளந்து தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிடுங்கள். பால் பேரிங்கை மெதுவாகச் சுற்றும்போது கரகரப்பு, படிப்படியாகத் தடுக்கிச் சுற்றுவது தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது.

ஜர்னல் என்றால் புஷ், த்ரஸ்ட் பேரிங், காலர், வளையம் எல்லாம் கிட்டாகக் கிடைக்கும். போட்டுவிட்டு பேலன்ஸ் செய்தால் ஓடும். பால் பேரிங்கில் கார்ட்ரிட்ஜ் முழுதாக மாற வேண்டும், பெரும்பாலும் ஷாஃப்டும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதியான சென்டர் கோரையே மாற்றுவார்கள். பேரம் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

கேள்வி: ஜர்னல் டர்போ அதிக பூஸ்ட் தாங்காது என்கிறார்களே?

பதில்: புஷ்கள் தாங்கும். முதலில் போவது த்ரஸ்ட் பேரிங். பழைய வகையில் அது 270 டிகிரி, வட்டத்தில் கால்பங்கு காலி. பூஸ்ட் ஏற்றுவதாக இருந்தால் 360 டிகிரி வகை உள்ளதை வாங்குங்கள். மிஞ்சிய அழுத்தக் காற்றைத் திறந்துவிடும் புளோ ஆஃப் வால்வு இல்லாமல் முழு பூஸ்டில் காலைச் சட்டென்று எடுத்தால் காற்று திரும்பி அடித்து ஷாஃப்டை முன்னும் பின்னும் குலுக்கும். அந்தக் குலுக்கலை வாங்குவதும் இதே தகடுதான்.

கேள்வி: புதிய டர்போவை மாட்டியதும் முதல் ஸ்டார்ட் எப்படி?

பதில்: ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றுங்கள். டர்போ வாயிலில் சுத்தமான ஆயிலைச் சொட்டச் சொட்ட ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். எரிபொருள் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, 10 முதல் 15 வினாடி வீதம் ஸ்டார்ட்டர் அடியுங்கள், ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை. பிறகு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல். ஹோஸ் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று அப்போதே டார்ச்சோடு குனிந்து பாருங்கள்.