பேவர் பிளாக் தெருவும் புதுக் கம்பெனியும்: ஆறாயிரம் ரூபாய் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மூன்று தெருக்களுக்கு பேவர் பிளாக் பதித்தார்கள். பெயர்ப்பலகையில் மதிப்பீடு 9.80 லட்சம் என்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் ஓரம் சரிந்து கல் ஆடுகிறது. வேலையை எடுத்தது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. போன வருடம்தான் பதிவானதாம். ‘பினாமி கம்பெனி’ என்று ஊரில் பேச்சு. டெண்டர் விட்டதாகவோ, கம்பெனி தொடங்கியதாகவோ எந்தப் பேப்பரிலும் நாங்கள் பார்க்கவில்லை. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஒருவர், 6,000 ரூபாய் கொடுத்தால் கம்பெனியின் ஜாதகத்தையும் ஆர்.டி.ஐ. பதிலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் காகிதங்களுக்கு ஆகும் செலவைப் பாருங்கள். தகவல் (ஆர்.டி.ஐ.) மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்). நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். நாற்பது பக்கம் வந்தாலும் 80 ரூபாய். கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் பார்க்க ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். தபால் செலவைச் சேர்த்தாலும் முந்நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இப்படிப்பட்டவர்களில் சிலர் உங்களிடம் கையெழுத்து வாங்கி, உங்கள் பெயரில் மனுவைப் போட்டுவிட்டு, அதன் நகலோடு நேராக ஒப்பந்ததாரரிடம் போவார்கள். ‘ஊர்க்காரர் கிளப்பிவிட்டார், நான் அமுக்கித் தருகிறேன்’ என்று அங்கே ஒரு தொகை கைமாறும். உங்களுக்கு ‘தகவல் இல்லை என்று பதில் வந்துவிட்டது’ என்பார்கள். ஊரில் கெட்ட பெயர் உங்களுக்கு, இரண்டு பக்க வசூல் அவருக்கு. ஆகவே வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம், ஆதார் நகல் வேண்டாம், பதில் வரவேண்டிய முகவரியாக அவருடைய கடை முகவரி வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ‘என் பெயரில் இன்ன முகவரியிலிருந்து மட்டுமே மனு வரும்’ என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதம் போட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ‘கம்பெனி முழு ரிப்போர்ட்’ என்று 1,500, 2,000 கேட்கும் இணையதளங்களும் இதே ரகம்தான். இலவசமாகக் கிடைப்பதை அட்டை போட்டு விற்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். பெயர்ப்பலகைதான் முதல் ஆவணம். பணியின் பெயர், திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீடு எல்லாம் தெரியும்படி போட்டோ எடுங்கள். பலகைகள் காணாமல் போகும் வழக்கம் உண்டு. திட்டத்தின் பெயர் ஏன் முக்கியம்? உங்கள் தெருவில் நடந்தது என்பதாலேயே அது ஊராட்சி செய்த வேலை ஆகிவிடாது. ஊராட்சி ஒன்றியம் செய்திருக்கலாம், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக வந்திருக்கலாம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியாக இருக்கலாம். ஊராட்சிக் கணக்கில் தேடிவிட்டு ‘கணக்கிலேயே இல்லை, ஊழல்’ என்று கிளம்புகிறவர்களில் பலர் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்.

நிதிக்குழு மானியம் (மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் நிதி) என்று பலகையில் இருந்தால், மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பார்க்கலாம். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவையில்லை. நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டுக்கு ஒப்புதல் பெற்ற பணிகளும், பணம் கொடுத்த வவுச்சர்களும் வரும். ஊராட்சி மட்டத்தில் இல்லையென்றால் ஒன்றிய மட்டத்தில் தேடுங்கள். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் ஆங்கிலத்தில் கண்டபடி அடித்திருப்பார்கள். பெயரைப் பிடித்துத் தேடாமல் தொகையைப் பிடித்துத் தேடுவது சுலபம். வவுச்சரில் எந்தத் தலைப்பில் செலவு எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்டது. தெருவுக்குக் கல் பதிக்க அந்தப் பங்கில் கை வைத்திருந்தால் அதுவே தனிக் கேள்வி. மாநில நிதியில் நடந்த வேலைகளுக்கு இவ்வளவு திறந்த கணக்கு கிடைப்பதில்லை. அதற்கு மனுதான் வழி.

வவுச்சர் தொகை பலகைத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். பலகையில் இருப்பது மதிப்பீடு. ஒப்பந்தத் தொகை வேறு, ஒப்பந்ததாரர் கைக்குப் போவது வேறு. ஒப்பந்தம் 2.5 லட்சத்துக்கு மேல் என்றால் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம் பிடிப்பார்கள். வருமான வரிக்குத் தனிநபரிடம் 1 சதவீதம், கம்பெனியிடம் 2 சதவீதம் பிடிப்பார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு 1 சதவீதம். வைப்புத் தொகை என்று கொஞ்சம் நிறுத்தி வைப்பதும் உண்டு.

கம்பெனி விஷயம். கம்பெனி தொடங்கினால் பேப்பரில் விளம்பரம் வரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. பதிவாளர் சான்று தந்தவுடன் எம்சிஏ தளத்தின் பதிவேட்டில் ஏறும், அவ்வளவுதான். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, ‘மாஸ்டர் டேட்டா’ பகுதியில் பெயரை அடித்தால் பதிவான தேதி, பதிவு அலுவலக முகவரி, செலுத்திய மூலதனம், இயக்குநர்கள் பெயர் எல்லாம் காசில்லாமல் தெரியும். கேப்ட்சா எழுத்துகள் இரண்டு மூன்று முறை தவறென்று சொல்லும், பக்கம் பாதியில் நின்றுபோகும். கம்பெனிகளிடம் ஒரு நாள் தாமதத்துக்கும் அபராதம் வாங்கத் தெரிந்த அமைச்சகத்துக்கு, தன் தளத்தை ஒழுங்காக ஓடவிட மட்டும் இன்னும் கைவரவில்லை. அங்கே 21 எழுத்து கொண்ட சிஐஎன் எண் இருக்கும். முதலில் ‘யு’ என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பெனி, அடுத்து தொழில் வகைக்கு ஐந்து இலக்கம், பிறகு ‘டிஎன்’ என்று மாநிலம், பதிவான ஆண்டு, ‘பிடிசி’ என்றால் பிரைவேட், கடைசி ஆறும் பதிவு எண். ஒப்பந்தத்திலும் பில்லிலும் இதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கம்பெனிகள் இருப்பது சகஜம்.

‘புதுக் கம்பெனி என்றாலே போலிக் கம்பெனி’ என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். இதில்தான் நல்ல புகார்களும் குப்பைக்குப் போகின்றன. ‘கம்பெனி ஒரு பேலன்ஸ் ஷீட்கூடத் தாக்கல் செய்யவில்லை’ என்று எழுதுவார்கள். சட்டம் கொடுத்திருக்கும் அவகாசத்தைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பதிவாகும் கம்பெனி தன் முதல் நிதியாண்டை அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை நீட்டிக்கொள்ளலாம். அது முடிந்து ஒன்பது மாதத்துக்குள் முதல் பொதுக்குழு. அதிலிருந்து 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல். அதாவது 2024 பிப்ரவரியில் பதிவான கம்பெனி 2026 ஜனவரி இறுதியில்தான் முதல் கணக்கைக் காட்டவேண்டிய கட்டாயம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்த இடம் காலியாக இருக்கும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. அதேபோல, இருபது வருடமாகக் கூட்டாக வேலை எடுத்துச் செய்த பங்குதாரர் நிறுவனம் கம்பெனியாக மாறினால், பதிவேட்டில் புதுக் குழந்தையாகத்தான் தெரியும். அந்த மாற்றத்துக்கு மட்டும், ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் யுஆர்சி-2 படிவத்தில் விளம்பரம் கொடுத்து 21 நாள் ஆட்சேபணைக்கு விடவேண்டும். அந்தக் கம்பெனியின் நோக்கங்களை எழுதிய சங்க நடைமுறைக் குறிப்பேட்டை (மெமோரண்டம்) பார்த்தால், பழைய நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது அதில் எழுதியிருக்கும். ஆகவே வயது சாட்சி ஆகாது.

சாட்சி ஆகக்கூடியது வேறு. பதிவான 180 நாளுக்குள், பங்குப் பணம் வந்துவிட்டது என்று ஐஎன்சி-20ஏ என்ற படிவத்தைத் தாக்கல் செய்யவேண்டும். அதற்கு முன் கம்பெனி தொழிலே தொடங்கக் கூடாது. எம்சிஏ தளத்தில் அந்த 100 ரூபாயைக் கட்டினால் இந்தப் படிவத்தின் தேதி தெரியும். பணி உத்தரவு தேதி அதற்கு முந்தையதாக இருந்தால், கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம் வரக்கூடிய மீறல் உங்கள் கையில் இருக்கிறது. பணம் கட்டினால் பார்க்கும் நேரம் மூன்று மணி நேரம்தான். வேண்டியதை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வென்ற கம்பெனியையே நோண்டுகிறார்கள். தோற்றவர்களைத் தேடுங்கள். ஒப்பந்தப்புள்ளி கொடுத்த எல்லோருடைய பெயரும் விலையும் ஒப்பீட்டுப் பட்டியலில் இருக்கும். தோற்ற இருவரின் முகவரியும் வென்றவர் முகவரியும் ஒன்றாக இருந்தாலோ, ஒரே இயக்குநர் இரண்டு கம்பெனியில் இருந்தாலோ, விலைகள் ஒன்றுக்கொன்று சில நூறு ரூபாய் மட்டும் தள்ளி நின்றாலோ அது போட்டி அல்ல, ஏற்பாடு. கம்பெனி அல்லாத ஒப்பந்ததாரர்கள் எம்சிஏ-வில் வரமாட்டார்கள். அவர்களை ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைக் கொடுத்துத் தேடலாம், பதிவுத் தேதியும் தொழில் வகையும் வரும். டெண்டர் அறிவிப்புத் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடைவெளியைப் பாருங்கள். இரண்டு கோடி வரையிலான வேலைக்கு 15 நாள் தரவேண்டும் என்பது விதி; குறைத்திருந்தால் எழுத்துபூர்வமான காரணம் கோப்பில் இருக்கவேண்டும். மூன்று தெருவையும் மூன்று சின்ன வேலையாக உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவந்தார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ‘ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்’ என்ற கேள்விக்குத் தகவல் சட்டத்தில் பதில் கிடையாது, திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: ‘மேற்படி பணி தொடர்பான நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, விரிவான மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம், பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பில், பணிமுடிப்புச் சான்று ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள் வழங்கவும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜெ)-யின்படி பணியிடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் அனுமதிக்கவும்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மேலே தெரியும் கல்லை யாரும் எண்ணலாம். காசு மறைவது கல்லுக்கு அடியில் போட்டதாக எழுதிய ஜல்லியிலும் மணலிலும்தான். ஒட்டவேண்டியது நீதிமன்ற வில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினால் மனு திரும்பும். வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். ‘இது எங்களுக்கு உரியதல்ல’ என்று திருப்பக் கூடாது. ஐந்து நாளுக்குள் உரிய அலுவலருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

எம்-புக் (அளவுப் புத்தகம்) நகல் வந்தவுடன் டேப் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். பத்து மீட்டருக்கு ஒருமுறை அகலம் எடுங்கள். தெரு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் 300 சதுர மீட்டர். புத்தகத்தில் அகலம் 3.30 என்று இருந்தால் 330 சதுர மீட்டருக்குப் பணம் போயிருக்கிறது. ஒரு முழம்கூட இல்லாத அகலத்தில் பத்து சதவீதம். ஆனால் ஓரக்கட்டையைக் கல்லோடு சேர்த்து அளந்துவிடாதீர்கள், அது மீட்டர் கணக்கில் தனி வரியாக எழுதியிருக்கும். ஆடும் கல் ஒன்றை, ஊராட்சி ஆள் முன்னிலையில், தூக்கிக் கனம் பாருங்கள்: மதிப்பீட்டில் 80 மில்லி மீட்டர் என்று எழுதி 60 பதித்திருப்பது பழைய வித்தை. ஓரம் சரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஓரக்கட்டை பெயருக்கு நிற்பதுதான். பக்கவாட்டுப் பிடி இல்லாவிட்டால் நல்ல கல்லும் நகரும். அளவை எழுதிய ஓவர்சியர் கையெழுத்தும், சரிபார்த்த பொறியாளர் கையெழுத்தும், தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் அதுவே மறுப்பு. அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் வழக்கு எப்போது அழைக்கப்படும் என்று காத்திருப்பதற்குள் இன்னொரு டெண்டர் வந்து அதே தெருவுக்குக் கல் மாற்றினாலும் ஆச்சரியமில்லை. ஆனாலும் முதல் மேல்முறையீட்டிலேயே பல கோப்புகள் வெளியே வந்துவிடும். காலம் தாழ்த்தித் தரும் நகலுக்குப் பக்கக் கட்டணம் கேட்க உரிமையில்லை என்பதையும் அதில் எழுதுங்கள்.

இதற்கிடையில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு. வரவு செலவை வாசிப்பது சடங்காக நடந்தாலும், உங்கள் கேள்வியை எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் இது பொருந்தும்.

அளவில் வித்தியாசம் உறுதியானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். ‘பினாமி’ என்ற சொல்லே வேண்டாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரலாம். ஊராட்சி உறுப்பினர் தானே அந்த ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் அவர் பதவிக்கு ஆபத்து. உறவினர் என்ற பேச்சு மட்டும் எதையும் நிரூபிக்காது. எம்-புக்கில் உள்ள அளவு, நீங்கள் எடுத்த அளவு, வித்தியாசம் என்று மூன்று நெடுவரிசையில் ஒரு தாள், நகல்கள், தேதியோடு போட்டோ. கோரிக்கை ஒரே வரி: வேறு ஒன்றியத்துப் பொறியாளரைக் கொண்டு, உங்கள் முன்னிலையில் மறுஅளவீடு.