முத்திரைத்தாளில் பிரிந்தவர் மறுமணம் செய்யலாமா?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். 2015-ல் திருமணம். குடி, அடி, மாமியார் ஏச்சு எல்லாம் தாங்கிப் பார்த்தேன். 2020-ல் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் பிரிந்துவிட்டதாக எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். சீர்ப் பொருளும் 2 லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள். ரேஷன் கார்டிலும் பெயரை எடுத்தாயிற்று. அவர் ஆம்பூரில் வேறொரு பெண்ணுடன் வாழ்கிறார். எனக்கு ஆரணியில் வரன் அமைந்து, தை மாதம் முகூர்த்தம். பத்திரம் போதும்தானே? அவரை ஜெயிலில் போட முடியுமா?

பதில்: நீங்கள் பட்ட வேதனையெல்லாம் இருக்கட்டும் அம்மா. சட்டம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதா? இல்லை. அப்படியானால் அவர் இன்றைக்கும் உங்கள் கணவர். விவாகரத்துப் பத்திரம் எழுதித் தர நோட்டரிக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024-ல் தெளிவுபடுத்திவிட்டது. ரேஷன் கார்டு எதையும் நிரூபிக்காது. 'எங்கள் சாதி வழக்கம்' என்று சொல்ல இந்து திருமணச் சட்டம் 29(2)-ல் இடம் உண்டு. ஆனால் அப்படியொரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பதை நீங்கள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.

என் பயமெல்லாம் தை மாதத்தைப் பற்றித்தான். தாலி ஏறினால் அந்தத் திருமணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. மாப்பிள்ளையிடம் முதல் திருமணத்தை மறைத்திருந்தால் 10 ஆண்டு வரை. 'கையெழுத்து போட்டவரே எப்படிப் புகார் கொடுப்பார்?' என்று என்னிடம் வழக்குக்கு வருபவர்கள் கேட்பார்கள். கொடுப்பார். கல்யாணம் முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் அந்தப் பத்திரத்தையே காட்டிப் பணம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர் சும்மா இருந்தாலும் ஆபத்து போகாது. நாளை இரண்டாவது கணவருக்கு ஏதாவது ஆனால், வாரிசுச் சான்றிதழிலிருந்து குடும்ப ஓய்வூதியம் வரை மனைவி என்று நிற்க உங்களுக்கு இடமில்லை. பிள்ளைகளைச் சட்டம் காப்பாற்றும், ஆனால் அவர்களுக்கும் பெற்றோர் சொத்தில்தான் உரிமை. இப்படிப் பத்திரத்தில் பிரிந்து மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கு, இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொன்னது உண்மைதான். அதற்கு அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஜெயில் பேச்சை விடுங்கள். சேர்ந்து வாழ்வது மட்டும் இருதார மணம் ஆகாது. அவர்கள் முறைப்படி திருமணம் செய்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். வழக்குப் போட்டால் அவர் முறுக்கிக்கொள்வார். உங்களுக்கு இப்போது தேவை அவர் கையெழுத்து.

ஆகவே சமாதானமாகப் போங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து பரஸ்பர விவாகரத்து மனு போடுங்கள். நீங்கள் வேலூர் மாவட்டத்தில் இருப்பதால் சத்துவாச்சாரி நீதிமன்றத்திலேயே போடலாம், ஆம்பூர் பக்கம் அலைய வேண்டாம். 2020 முதல் பிரிந்திருக்கிறீர்கள். மனு போட்டபின் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்க 2017-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. முத்திரைத்தாளைப் பிரிந்த தேதிக்கு ஆதாரமாக மட்டும் வையுங்கள். 'ஏற்கெனவே விவாகரத்து ஆகிவிட்டது' என்று மனுவில் ஒரு வரிகூட வரக்கூடாது.

2 லட்சத்தில் கொஞ்சம் திருப்பிக் கேட்பார். மனசு கொதிக்கும். கட்டுப்படியாகும் தொகை என்றால் கொடுத்து முடியுங்கள். ஆனால் முன்பணமாக ஒரு ரூபாயும் கூடாது. தீர்ப்பு வரும்வரை அவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முதலிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசி வாய்தாவில் ஏமாந்து நிற்பவர்கள்தான் அதிகம். இறுதி வாக்குமூலம் கொடுக்கும் அன்று, நீதிமன்றத்திலேயே டிடியாகக் கொடுங்கள்.

ஆரணி வீட்டாரிடம் இந்த வாரமே உண்மையைச் சொல்லி முகூர்த்தத்தைத் தள்ளி வையுங்கள். 'கோயிலில் தாலியை மட்டும் கட்டிவிடலாம், ரிசப்ஷனை அப்புறம் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்தத் தாலிதான் திருமணம்.