பதில்: அப்பா அம்மா படிக்காததால்தான் அரியர் விழுந்ததா?

பள்ளியில் நன்றாகப் படித்த உங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர். பெற்றோர் எட்டாம் வகுப்பைத் தாண்டாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்பு இருக்கிறது, மழுப்ப விரும்பவில்லை. ஆனால் அது மூளை சமாச்சாரம் இல்லை. பட்டம் வாங்கிய பெற்றோர் உட்கார்ந்து கணக்கா சொல்லித் தருகிறார்கள்? "புரியலைன்னா சார் ரூமுக்கே போய்க் கேளு, இன்டர்னல் மார்க்கை இப்பவே பாரு" என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2014-ல் அமெரிக்காவில் நிக்கோல் ஸ்டீபன்ஸ் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் குடும்பப் பின்னணியால் கல்லூரியில் என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தோம் என்று சீனியர்கள் பேசியதைக் கேட்ட முதல் தலைமுறை மாணவர்கள், ஆசிரியர்களை அதிகம் நாடினார்கள். முதலாண்டு முடிவில், படித்த பெற்றோரின் பிள்ளைகளோடு அவர்களுக்கு இருந்த மதிப்பெண் இடைவெளியும் நன்றாகவே குறைந்தது.

அதனால் அந்த இரண்டு ஆசிரியர்களையும் நேரில் பாருங்கள். "எந்தக் கேள்வியில் மார்க் போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். (அதற்கும் சேர்த்துத்தான் அவர்களுக்குச் சம்பளம்.)

பகுதி நேர வேலைக்குப் போவதாக எழுதியிருந்தீர்களே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் அதிகம்.